பன்னிரண்டில் ஒரு பங்கு பூதம்

பழைய படங்களில் பாலம் உடைந்து ரயில் ஆற்றில் விழும். அணை உடைந்து ஊரே மிதக்கும். திரையில் அது வந்ததும் பக்கத்து சீட்டில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை "பொம்மை ரயில்!" என்று சத்தமாகச் சொல்லிவிடும். இத்தனைக்கும் அதைச் செய்த கலை இயக்குநர் லேசுப்பட்டவர் அல்லர். ஜன்னல் கம்பி, பாலத்து ஆணி, இஞ்சின் முகப்பில் இருக்கும் எண் என்று ஒவ்வொன்றையும் அளந்து செய்திருப்பார். ஒரு ஸ்டில் மட்டும் எடுத்துக் காட்டினால் நாமும் நம்பிவிடுவோம். ரயில் அசையத் தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. ஏன்?

அளவு ஒவ்வொன்றும் சரியாக இருந்தும் எது நம்மிடம் காட்டிக்கொடுக்கிறது என்ற கேள்வியைச் சினிமாக்காரர்களைவிடக் கடுமையாகச் சந்திக்கும் ஒரு கூட்டம் உண்டு. நிஜக் கரி, நிஜ நெருப்பு, நிஜ நீராவியில் ஓடும் சிறு இயந்திரங்களைத் தம் வீட்டுப் பட்டறையில் கட்டுகிறவர்கள். இங்கிலாந்தில் இவர்களுக்கென்றே 1898இல் 'மாடல் இன்ஜினியர்' என்ற பத்திரிகை தொடங்கப்பட்டது. பெரும்பாலோர் செய்வது ரயில் இஞ்சின். கொஞ்சம் துணிச்சல் அதிகமுள்ள சிலர் நீராவி மண்வாரியைக் கையில் எடுக்கிறார்கள். ஸ்டீம் ஷவல் என்று சொல்லப்பட்ட, நம் ஜேசிபிக்குப் பாட்டன் முறையுள்ள இயந்திரம்.

ரயில் இஞ்சின் ஓடினால் போதும். மண்வாரி தோண்டியாக வேண்டும். நெருப்பு, நீர், இரும்பு, மண் நான்கும் அதில் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அதனால் சுருக்குவதில் என்னென்ன சிக்கல் வரும் என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பனாமாவின் 95 டன்

நீராவியால் மண் அள்ளும் யோசனைக்கு 1839இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் வில்லியம் ஓட்டிஸ். அதே ஆண்டில், இருபத்தாறு வயதில் இறந்துபோனார். மனிதக் கூலி மலிவாகக் கிடைத்த காலம் அது. அவருடைய இயந்திரத்துக்கு உரிய மரியாதை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. பெயர் உலகறியப் பரவியது பனாமாவில்.

1904 முதல் 1914 வரை அமெரிக்கர்கள் பனாமா கால்வாயை வெட்டியபோது 102 நீராவி மண்வாரிகளைக் கொண்டுபோனார்கள். அவற்றில் 77 பூசைரஸ் நிறுவனத்துடையவை, 24 மரியன் நிறுவனத்துடையவை. 1906 நவம்பரில் கால்வாயைப் பார்க்கப் போன அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், கொட்டும் மழையில் வெள்ளை உடையோடு ஒரு பூசைரஸில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அது 95 டன் ரகம். நாம் சுருக்கப்போவதும் அதைத்தான்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் ஜேசிபியை மறந்துவிடுங்கள். (மறப்பது கஷ்டம்தான். ஜேசிபி பள்ளம் தோண்டுவதை நின்று வேடிக்கை பார்க்காமல் கடந்துபோன தமிழர் யார்?) ஜேசிபியின் பின்பக்கக் கை மண்ணைத் தன்னை நோக்கி இழுக்கும். நீராவி மண்வாரி எதிரே நிற்கும் மண்சுவரில் வாளியைக் கீழே குத்தி, மேல்நோக்கிச் செதுக்கிக்கொண்டே போகும். ரயில் பெட்டிபோல் தண்டவாளத்தின் மேல் நிற்கும் உடல். பின்கோடியில் பாய்லரும் கரியும். முன்கோடியில் சாய்வாக நீட்டிய கை. அந்தக் கையின் நடுவே குறுக்காக ஒரு நீண்ட காம்பு, அதன் நுனியில் வாளி.

இதற்கு மூன்று தனித்தனி இஞ்சின்கள். வாளியைத் தூக்க ஒன்று, கையை இடமும் வலமும் திருப்ப ஒன்று, வாளிக்காம்பை மண்ணுக்குள் உந்தவும் பின்னிழுக்கவும் ஒன்று. மூன்றாவது இஞ்சின் உடலுக்குள் இல்லை. கையின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். கை திரும்பும்போது அதுவும் சேர்ந்து திரும்பும். அதற்குப் போகும் நீராவிக் குழாய்க்கு நடுவில் ஒரு சுழல் மூட்டு வைத்திருப்பார்கள். ஓட்டவும் இரண்டு பேர் வேண்டும். உள்ளே நிற்பவர் தூக்குவதையும் திருப்புவதையும் கவனிப்பார். இன்னொருவர் கையின் பக்கவாட்டில் ஒரு சிறு பலகையில் நின்று உந்து இஞ்சினை ஆட்டுவார். வாளி ரயில் வேகனுக்கு மேலே வந்ததும் கயிற்றை இழுத்து, வாளியின் அடிக்கதவைத் திறந்து மண்ணைக் கொட்டுவதும் அவர் வேலை.

ஒரு வாளிக்கு 5 கன கெஜம். ஏறக்குறைய 8 டன் பாறையும் மண்ணும்.

ஒரே கத்தரி, மூன்று வெட்டு

மாடல் கட்டுகிறவர்கள் அதிகம் விரும்பும் விகிதங்களில் ஒன்று அடிக்கு அங்குலம். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. வரைபடத்தில் ஓரடி என்றிருந்தால் பட்டறையில் ஓரங்குலம். கணக்கு இவ்வளவுதானே என்று தோன்றும்.

வினை இங்கேதான் தொடங்குகிறது. நீளத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால், பரப்பு பன்னிரண்டு பன்னிரண்டாக, அதாவது 144இல் ஒரு பங்காகக் குறைகிறது. கன அளவும் அதோடு எடையும் 1,728இல் ஒரு பங்காகின்றன. ஒரே சமயத்தில் மூன்று வேறு விகிதங்களில் வெட்டு விழுகிறது. இதை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் கலிலியோ. 1638இல் வெளியான தம் 'இரு புதிய அறிவியல்கள்' நூலில், பெரிய விலங்குக்கு எலும்பு ஏன் விகிதத்துக்கு மீறித் தடித்திருக்க வேண்டும் என்று விளக்கினார். எலும்பின் வலு அதன் குறுக்குப் பரப்பில் இருக்கிறது. அது சுமக்கும் எடையோ கன அளவைப் பொறுத்தது.

நம் பூதத்தைச் சுருக்குவோம். 95 அமெரிக்க டன் என்பது சுமார் 86,000 கிலோ. 1,728ஆல் வகுத்தால் 50 கிலோ. ஒரு மூட்டை சிமெண்ட். வாளியின் கொள்ளளவு 3,800 லிட்டர் சொச்சம். சுருக்கினால் 2.2 லிட்டர். எட்டு டன் மண் 4.2 கிலோவாகிறது. முக்கால் அங்குல ஆணிகள் 1.6 மில்லிமீட்டர் ஆகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து அடிக்கும் பொறுமையைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது வேறு அறிவியல்.

இதுவரை எல்லாம் ஒழுங்கு. இப்போது அடுப்பை மூட்டுவோம்.

வலு கூடியதும் எடை குறைந்ததும்

தூக்கு இஞ்சினின் சிலிண்டர் விட்டம் ஓரடி என்று வைத்துக்கொள்வோம். மாடலில் அது ஓரங்குலம். நீராவி பிஸ்டனைத் தள்ளும் விசை, அழுத்தத்தையும் பிஸ்டனின் பரப்பையும் பொறுத்தது. அழுத்தம் இரண்டிலும் ஒன்றே என்றால் விசை 144இல் ஒரு பங்கு. தூக்க வேண்டிய எடையோ 1,728இல் ஒரு பங்குதான். ஆக, தன் எடையோடு ஒப்பிட்டால் குட்டி இயந்திரம் பெரியதைவிடப் பன்னிரண்டு மடங்கு பலசாலி. எறும்பு தன்னைவிடப் பல மடங்கு கனமான பருக்கையைத் தூக்கிப்போவதன் ரகசியமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

பாய்லரின் சுவர் விஷயத்தில் இயற்கை இன்னும் தாராளமாக இருக்கிறது. உருளையான பாய்லரின் தகட்டில் ஏறும் இழுவிசை அழுத்தம், விட்டம், தகட்டின் தடிப்பு இம்மூன்றையும் பொறுத்தது. விட்டமும் தடிப்பும் ஒரே விகிதத்தில் குறைந்தால் தகடு உணரும் பளு மாறாது. நான்கடி விட்டத்தில் அரை அங்குலத் தகடு எப்படித் தாங்கியதோ, பத்து சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் தகடும் கணக்குப்படி அப்படியே தாங்கும். ஆனாலும் புத்தியுள்ள யாரும் ஒரு மில்லிமீட்டரில் பாய்லர் செய்வதில்லை. எஃகு துருப்பிடிக்கும் என்பதால் செம்பை எடுத்து, மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் வளைத்து, வெள்ளி கலந்த பற்றாசு வைத்து ஊதி ஒட்டுகிறார்கள். பிறகு முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். காற்றாலோ நீராவியாலோ முதல் சோதனை செய்வதில்லை. தண்ணீர் சுருங்காது. எங்காவது பிளந்தால் ஒரு பீச்சலோடு அழுத்தம் விழுந்துவிடும், வெடிக்காது.

பன்னிரண்டு மடங்கு வலு என்றதும் சந்தோஷப்படத் தோன்றும். அந்த வலுவை எதன்மேல் காட்டுவது என்ற கேள்வி பின்னால் வரும்.

சூடு நிற்பதில்லை

அண்டாவில் இருக்கும் சாம்பார் பந்தி முடியும்வரை சுடும். அதிலிருந்து கரண்டியில் எடுத்தது இலைக்கு வருவதற்குள் ஆறத் தொடங்கிவிடும். சூடு தங்குவது கன அளவில், வெளியேறுவது பரப்பின் வழியே. சிறியதாக ஆக ஆகப் பரப்பின் கை ஓங்குகிறது. நம் மாடலில், ஒவ்வொரு லிட்டர் நீராவிக்கும் பெரிய இயந்திரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு குளிர்ந்த சுவர் காத்திருக்கிறது.

ரயில் இஞ்சின் மாடலில் இதைச் சமாளிக்கலாம். ஓட ஓடச் சிலிண்டர் சூடேறிவிடும். மண்வாரியில் அந்தச் சலுகை இல்லை. அதன் மூன்று இஞ்சின்களும் விட்டுவிட்டு ஓடுபவை. தூக்கும்போது திருப்பு இஞ்சின் சும்மா நிற்கும், திருப்பும்போது உந்து இஞ்சின் சும்மா நிற்கும். நிற்கும் சில விநாடிகளில் சிறிய சிலிண்டர் ஆறிவிடுகிறது. அடுத்த முறை நீராவி நுழைந்ததும் சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. இருப்பதிலேயே பாவப்பட்டது கையின்மேல் உட்கார்ந்திருக்கும் உந்து இஞ்சின். பாய்லர் ஒரு கோடி, அது மறுகோடி. நடுவில் பென்சில் கனம்கூட இல்லாத நீண்ட குழாய். மாடலை வரைபடத்தில் உள்ளபடியே கட்டினால் அந்த இஞ்சினுக்குப் போய்ச் சேர்வது பாதி நீராவி, பாதி வெந்நீர்.

தண்ணீர் சுருங்காது என்பது பாய்லர் சோதனையில் நமக்கு நண்பன், இங்கே எதிரி. சிலிண்டரில் தேங்கிய நீரின்மேல் பிஸ்டன் போய் மோதினால் தண்டு வளையும். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அடியில் நீர் வடிக்கும் சிறு குழாயடைப்பு வைத்து, வேலை தொடங்குமுன் அதைத் திறந்துவிட்டுச் சூடேற்றுவார்கள். குழாய்க்குப் பருத்தி நூலைச் சுற்றி அதன்மேல் வர்ணம் பூசுவதும் உண்டு. பார்க்கப் பழைய குழாயின் காப்புறைபோலவே இருக்கும்.

நெருப்பும் சொன்னபடி சுருங்குவதில்லை. பாய்லருக்குள் சூடான புகை போகும் குழாய்கள் பெரியதில் இரண்டங்குல விட்டம் என்றால் மாடலில் நான்கு மில்லிமீட்டர். அந்தச் சந்தில் புகை இழுபடாது. கொஞ்ச நேரத்தில் கரிப்பிசுக்கு அடைத்தும்விடும். ஆகவே எண்ணிக்கையைக் குறைத்துக் குழாயைப் பெருக்குகிறார்கள். ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய விட்டத்தில் பத்துப் பன்னிரண்டு குழாய்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது.

இவ்வளவு சிறிய அடுப்பில் கரி எரியுமா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டையாக இருந்தது. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கிலேய எழுத்தாளர் ஒருவர், எரியும், அதுவும் ஆளையே இழுக்கும் என்று அடம்பிடித்தார். அக்காலத்தில் பெயர்பெற்ற மாடல் வடிவமைப்பாளர்கள் சிறிய இஞ்சின்களுக்குச் சாராய விளக்கையே சிபாரிசு செய்துவந்தார்கள். 1924இல் லண்டன் கண்காட்சியில், இரண்டரை அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் 'ஆயிஷா' என்ற தம் குட்டிக் கரி இஞ்சினைக் கொண்டுவந்து வளர்ந்த மனிதர்களை ஏற்றி இழுத்துக் காட்டினார். 'பாய்லர் போர்' என்று அந்த விவகாரத்துக்குப் பெயரே வந்துவிட்டது. நெருப்புப் பெட்டியையும் குழாய்களையும் நீராவிப் பாதைகளையும் பெரிய இஞ்சினின் அப்பட்டமான நகலாக வைக்காமல், சிறிய அளவுக்கு ஏற்ப அவர் வகுத்திருந்தார். அதுதான் வெற்றிக்குக் காரணம்.

பொய் சொல்லும் கண்ணாடி

பாய்லரில் உயிர் போகும் விஷயம் ஒன்று உண்டென்றால் அது நீர்மட்டம். நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கித் தகடு வெறுமையாகிவிட்டால் அடியில் எரியும் நெருப்பு அதை இளக்கிவிடும். மட்டத்தைப் பார்ப்பதற்காகப் பாய்லரின் முகத்தில் செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய். மேல்முனை நீராவிப் பக்கம் திறந்திருக்கும், கீழ்முனை தண்ணீர்ப் பக்கம். உள்ளே எவ்வளவோ அவ்வளவு கண்ணாடியில் தெரியும்.

பெரிய பாய்லரில் இந்தக் குழாயின் துளை சுமார் 12 மில்லிமீட்டர். விசுவாசமாகச் சுருக்கினால் ஒரு மில்லிமீட்டர். பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகில் ஆபத்து இருக்கிறது.

மெல்லிய குழாயில் தண்ணீர் தானாகவே மேலேறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது இதனால்தான். நுண்புழை ஏற்றம் என்பது பள்ளிக்கூடப் பெயர். கண்ணாடிச் சுவர் நீரை இழுக்கும் விசை குழாயின் சுற்றளவைப் பொறுத்தது. எதிர்த்து இழுக்கும் நீர்த்தூணின் எடை குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. துளை சிறுக்கச் சிறுக்கச் சுற்றளவு மெல்லக் குறையும், பரப்பு வேகமாகக் குறையும். அதனால் துளை பாதியானால் ஏற்றம் இரு மடங்கு.

ஒரு மில்லிமீட்டர் துளையில் பச்சைத் தண்ணீர் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் ஏறும். சூடானால் நீரின் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பு தன்னைத்தானே இறுக்கிப் பிடித்திருக்கும் விசை, குறையும். 150 டிகிரியில் ஏற்றம் 22 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கும். நம் பாய்லரின் மொத்த விட்டமே 100 மில்லிமீட்டர். கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அதாவது, பாய்லருக்குள் கூரைத் தகடு காய்ந்துகொண்டிருக்கும்போது கண்ணாடி நிறைகுடமாக நிற்கும். நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைத்துச் செம்பும் வெள்ளியும் சேர்த்துக் கட்டிய பாய்லர், தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே பாழாகும்.

கைதேர்ந்தவர்கள் இந்த இடத்தில் விகிதத்தைக் கூசாமல் மீறுகிறார்கள். நான்கு மில்லிமீட்டருக்குக் குறையாத துளை. அப்போதும் கொதிநிலையில் ஐந்து மில்லிமீட்டர் பொய் மிச்சமிருக்கும். அதற்கு ஈடாகக் கண்ணாடியின் அடிமட்டமே கூரைத் தகட்டுக்கு நன்றாக மேலே இருக்கும்படி பொருத்துவார்கள். கண்ணாடியில் தண்ணீர் மறைந்தாலும் உள்ளே தகடு நனைந்தே இருக்கும். ஒரு மாடலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: வர்ணத்தையும் ஆணியையும் பார்க்குமுன் நீர்மட்டக் கண்ணாடியைப் பாருங்கள். அது தடியாக, கொஞ்சம் அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருந்தால் கட்டியவருக்கு விஷயம் தெரியும்.

நேரமும் சுருங்கும்

இப்போது சினிமா ரயிலுக்கு வரலாம். மூன்று மீட்டர் உயரத்தில் வாளியின் கதவு திறக்கிறது. கல் கீழே விழ 0.78 விநாடி ஆகும். மாடலில் உயரம் 25 சென்டிமீட்டர். விழ ஆகும் நேரம் 0.23 விநாடி. உயரம் பன்னிரண்டில் ஒரு பங்கானாலும் நேரம் மூன்றரையில் ஒரு பங்குதான் ஆனது. புவியீர்ப்பு எந்த விகிதத்துக்கும் மசிவதில்லை. அதன் கணக்கில் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து நடக்கிறது. 12இன் வர்க்கமூலம் 3.46.

நம் கண்ணுக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்த கணக்கு. பெரியது மெல்ல விழும், மெல்ல ஆடும் என்று மூளை எதிர்பார்க்கிறது. பொம்மை ரயில் அந்த எதிர்பார்ப்பைவிட மூன்று மடங்குக்கு மேல் அவசரமாக விழுகிறது. அதனால்தான் விவரமுள்ள ஒளிப்பதிவாளர், பன்னிரண்டில் ஒரு பங்கு மாடலை விநாடிக்கு 24 படத்துக்குப் பதில் 83 படமாக எடுத்து, சாதாரண வேகத்தில் ஓட்டுவார். நேரம் நீண்டு, ரயிலுக்கு எடை வந்துவிடும். தண்ணீரையும் தீயையும் மட்டும் அவரால் முழுக்க ஏமாற்ற முடியாது. துளியும் சுடரும் தம் அளவை மாற்றிக்கொள்வதில்லை.

கப்பல் மாடல்களை நீர்த்தொட்டியில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃப்ரூட், 1870களில் இதே வர்க்கமூல விதியை வைத்துத்தான் பெரிய கப்பலுக்கு எவ்வளவு எதிர்ப்பு வரும் என்று கணித்தார். படம் எடுப்பவருக்கும் கப்பல் கட்டுபவருக்கும் சூத்திரம் ஒன்றே.

மண்வாரி மாடலில் ஆடும் சங்கிலியும் விழும் மண்ணும் இப்படி அவசரப்படும். இஞ்சினை மெல்ல ஓட்டி ஈடுகட்டலாமே என்றால் அதிலும் ஒரு முடிச்சு. சுழலும் சக்கரம் தன் சுழற்சியை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் நீளத்தின் ஐந்தாம் அடுக்கில் குறைகிறது. பன்னிரண்டை ஐந்து முறை பெருக்கினால் 2,48,832. தம் பழைய வேகத்தின் ஞாபகத்தில் சுழல்வதற்குக் குட்டிச் சக்கரங்களுக்குச் சக்தியே இல்லை. மெல்ல ஓட்டினால் இஞ்சின் திக்கித் திக்கி நின்றுவிடும். ஆகவே இஞ்சினை வேகமாகவே ஓடவிட்டு, நடுவில் ஒரு பல்சக்கர ஜோடியைக் கூடுதலாகச் செருகி வாளியை நிதானமாக நகர்த்துகிறார்கள்.

மண்ணைச் சுருக்குவது எப்படி?

கடைசியில் வாளி மண்ணைத் தொடுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது.

மண் இரண்டு விதமாக எதிர்க்கும். ஒன்று அதன் எடையாலும், எடையால் வரும் உராய்வாலும். இன்னொன்று துகளும் துகளும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் பிடிப்பால். களிமண்ணிலும் ஈரமணலிலும் இந்தப் பிடிப்பு உண்டு. காய்ந்த மணலில் கிட்டத்தட்ட இல்லை. முதல் எதிர்ப்பு கன அளவோடு குறையும், இரண்டாவது வெட்டும் பரப்போடு குறையும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பெரிய வாளி ஒரு செதுக்கலில் 10,000 கிலோ எதிர்ப்பைச் சந்திக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 9,000 எடையும் உராய்வும், 1,000 மட்டுமே பிடிப்பு. அதே மண்ணில் மாடலை இறக்கினால் முதல் பகுதி 1,728ஆல் வகுபட்டு 5.2 கிலோ ஆகிறது. பிடிப்போ 144ஆல் மட்டும் வகுபட்டு 6.9 கிலோ. பெரியதற்குப் பத்தில் ஒரு பங்காக இருந்த தொந்தரவு, சிறியதற்குப் பாதிக்கு மேல். மொத்தம் 12 கிலோ. எல்லாம் ஒழுங்காகச் சுருங்கியிருந்தால் 6 கிலோகூட வந்திருக்காது.

இஞ்சினுக்கு இது பிரச்சினையே இல்லை. பன்னிரண்டு மடங்கு வலு கையில் இருக்கிறதே! ஆனால் தோண்டுவதற்கு வலு மட்டும் போதாது, காலூன்ற எடை வேண்டும். 50 கிலோ இயந்திரம் நீட்டிய கையின் நுனியில், வரவேண்டியதைப்போல் இரு மடங்கு எதிர்ப்பைச் சந்திக்கும்போது மண் பெயர்வதற்குப் பதில் பின்சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு எழும். வலு ஒரு விகிதத்திலும் எடை வேறொரு விகிதத்திலும் குறைந்ததற்கான பில் இங்கேதான் வருகிறது.

பாய்லரின் தடிப்பைக் கூட்டியதற்கு இந்த இடத்தில் எதிர்பாராத லாபம் உண்டு. பாய்லர் இருப்பது பின்கோடியில். கூடுதல் செம்பு மூன்று நான்கு கிலோவாவது வரும். பெரிய இயந்திரத்திலும் பாய்லரும் கரியும் தண்ணீரும்தான் முன்கைக்கு எதிர்ப்பாரம். மாடலில் அது போதாதபோது பின்னாலிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஈயக்கட்டியை வைத்து மறைப்பார்கள்.

அள்ளிய மண்ணைக் கொட்டுவதும் லேசல்ல. அடிக்கதவு திறந்ததும் எட்டு டன் தன் எடையாலேயே சரிந்து விழும். மாடல் வாளியில் இருக்கும் நான்கு கிலோ ஈரமண்ணுக்கு அந்த எடை போதாது. சுவரோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். கதவு திறந்தது அதற்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாது.

பனாமாவின் பெரும் தலைவலியாக இருந்தவை குலெப்ரா வெட்டின் மண்சரிவுகள். 1907 அக்டோபரில் குக்கராச்சா என்ற இடத்தில் மலைச்சரிவே நகர்ந்து வந்து தோண்டிய பள்ளத்தை மூடியது. அதே களிமண்ணைக் கொண்டுவந்து பன்னிரண்டில் ஒரு பங்கு குலெப்ரா செய்தால் சரிவு நிகழாது. மண்ணின் பிடிப்பு அப்படியே இருக்க, இழுக்கும் எடை குறைந்துவிட்டதே. மண்பொறியாளர்கள் இதற்குத் துணிச்சலான வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். மண்ணைச் சுருக்க முடியாவிட்டால் ஈர்ப்பைப் பெருக்கு. மாடல் சரிவைப் பெட்டியில் வைத்து ஒரு நீண்ட கையின் முனையில் கட்டிச் சுழற்றுகிறார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு மாடலைப் புவியீர்ப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு உணரும்படி சுழற்றினால் எடையும் பிடிப்பும் பழைய உறவுக்குத் திரும்பிவிடும். மும்பை ஐ.ஐ.டி.யில் 4.5 மீட்டர் ஆரத்தில் இப்படியொரு சுழலி இருக்கிறது.

கரி அடுப்போடு ஒரு நீராவி மண்வாரியை அதில் ஏற்றிச் சுற்ற யாரும் அனுமதிக்க மாட்டார்கள். எனவே மாடல் கட்டுகிறவர் எளிய வழியில் போகிறார். பிடிப்பே இல்லாத மண்ணைக் கொடுக்கிறார். நன்றாக வெயிலில் காயவைத்துச் சலித்த மணல். காய்ந்த மணல் குவியும் சாய்வு, குவியல் பெரிதானாலும் சிறிதானாலும் ஏறக்குறைய ஒன்றே. வாளி குத்தும், மணல் சரியும், அடிக்கதவு திறந்ததும் கொட்டும். தூசி பல்சக்கரத்தில் புகுவதுதான் கஷ்டம்.

நான்கு கை வேலை

இன்னொன்று மிச்சமிருக்கிறது: ஓட்டுகிறவர். பெரிய இயந்திரத்தில் இரண்டு ஆள், நான்கு கை, போதாததற்குக் கால் மிதிகளும். மாடலுக்குப் பின்னால் குந்தியிருப்பவர் ஒருவர். கைகள் இரண்டு, விரல்கள் முழு அளவு. இயந்திரத்தில் ஓரடி இடைவெளியில் இருந்த நெம்புகோல்கள் இங்கே ஓரங்குல இடைவெளியில், பக்கத்திலேயே சுடும் குழாய். உந்து இஞ்சினின் நெம்புகோலோ கையின்மேல் இருக்கிறது. கை திரும்பினால் அதுவும் கூடவே போய்விடும்.

இதைச் சமாளிக்க, கை திரும்பும் அச்சைப் பொள்ளலாகச் செய்து, நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய தண்டை அதன் வழியே கொண்டுபோவது ஒரு முறை. கை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் தண்டு மேலும் கீழும் அசைந்து வால்வைத் திறக்கும். ரிமோட் கார் பொம்மைகளில் இருக்கும் சிறு மோட்டார் ஒன்றைக் கையின் உள்ளே ஒளித்துவைத்து ரேடியோவில் இயக்குவது இன்னொரு முறை. பழமையில் பிடிவாதமுள்ளவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவர்களில் சிலர் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, பனாமாவில் செய்ததுபோலவே ஒருவர் தூக்க, ஒருவர் உந்த, இரண்டு பேராக ஓட்டுகிறார்கள்.